ஒற்றைக் காதுக் குதிரைகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு காது இருக்கிறது.

பயப்பட வேண்டாம், மண் காது. கட்டைவிரல் நீளம். இளம் மாவிலை மாதிரி நுனி கூர்ந்து, அடியில் சொருகுவதற்கு ஒரு சின்னக் காம்போடு, சுட்ட செங்கல்லின் நிறத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் மாஷி இதை இரண்டு முறை குப்பையில் போட்டிருக்கிறார். இரண்டு முறையும் நான் படியிறங்கி ஓடிப்போய்ப் பொறுக்கி வந்திருக்கிறேன். ஐம்பது தாண்டிய ஒருவர் லுங்கியோடு குப்பை வண்டியை மறித்து, "என் காது ஒன்று விழுந்துவிட்டது" என்று வங்காளியில் கெஞ்சியதை எங்கள் தெரு இன்னும் மறக்கவில்லை. "ஒரு டப்பால போட்டு வெச்சா என்ன?" என்கிறாள் மனைவி. டப்பாவில் போடலாம். ஆனால் இந்தக் காது டப்பாவில் போகக்கூடாது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் சூப்ரண்டு மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு காரணமும் தேவையில்லை.

அவர் அலிப்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்தவர். தஞ்சாவூர்ப் பக்கம். சின்ன வயதிலேயே வேலை கிடைத்துக் கல்கத்தாவுக்கு வந்து, லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மூன்றாம் மாடியில் குடியேறி, அந்த வீட்டிலேயே தலை நரைத்தவர். பதவியைச் சொல்லும்போது நாக்கு வழுக்கி 'சூப்ரண்டு' ஆகி, கூடவே மாமாவும் ஒட்டிக்கொண்டது. அலுவலகத்தில் பகலெல்லாம் கோப்பு. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தமிழ் மன்றத்தின் சின்ன ஹாலில் மேடை. அந்த மேடை அவருக்குக் கிடைத்ததே விபத்து. ஒரு முறை சிறப்பு விருந்தினர் ஏதோ ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டு வரவில்லை. கூட்டம் கலையாமல் இருக்க யாராவது பத்து நிமிஷம் பேசினால் தேவலை என்று, முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பாவத்துக்காக இவரை ஏற்றிவிட்டார்கள். முக்கால் மணி கழித்து விருந்தினர் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றபோது, சபை அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டதாம். நான் அப்போது பிறக்கவில்லை. ஆனால் இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டுவிட்டதால் நேரில் பார்த்த மாதிரியே பொய் சொல்ல வருகிறது.

அவர் பேசும்போது சிரிக்க மாட்டார். உங்கள் விடுப்பு விண்ணப்பத்தை நிராகரிக்கப் போகிறவரின் முகம் அது. மேசை, நாற்காலி, பச்சை நாடா கட்டிய ஒரு பழைய கோப்பு. இவ்வளவுதான் அவருடைய சாமான்கள். மெதுவாக நாடாவை அவிழ்ப்பார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம்மை ஒரு முறை பார்ப்பார். அதற்குள் பின்வரிசையில் யாருக்காவது தாங்காமல் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கோப்புக்குள் என்ன இருந்தது என்று ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். பழைய பஞ்சாங்கத்தின் உள்பக்கங்கள்.

ஊரைப் பற்றி அவருக்குத் திட்டவட்டமான ஆராய்ச்சிகள் உண்டு. "மாத்தலாகி வந்தவன் மொதல் வருஷம் ஊரைத் திட்டுவான். ரெண்டாம் வருஷம் ஊரைத் திட்டறவனைத் திட்டுவான். மூணாம் வருஷம் மாத்தல் ஆர்டர் வரும், ஆர்டரைத் திட்டுவான்." பதினெட்டு டிகிரிக்கு வெயில் இறங்கியதுமே இந்த ஊர்க்காரர்கள் காது, கழுத்து, மோவாய் எல்லாம் மூடும் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொள்வது அவருக்கு வற்றாத விஷயம். "கார்த்தால பால் வாங்கப் போனேன். தெருவே பாங்கைக் கொள்ளையடிக்கக் கிளம்பின மாதிரி இருந்தது. நானும் கையைத் தூக்கிண்டு நின்னுட்டேன்." இதை எங்கள் வங்காளி அண்டை வீட்டாரை உட்கார வைத்துக்கொண்டே சொல்வார். அவர்களும் மொழி தெரியாமலே சிரிப்பார்கள். அடுத்த வருஷக் குளிரில் அதே குல்லாயோடு வந்து முன்வரிசையில் உட்காருவார்கள்.

ஆனால் அவர் உண்மையான ராஜா பிரிவுபசாரக் கூட்டத்தில்தான். எங்கள் மன்றத்தில் பாதிப் பேர் மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள். மீதிப் பாதி மாற்றலில் வந்து மாற்றலில் போகிறவர்கள். துறைமுகம், வங்கி, ராணுவக் கணக்கு, இன்னும் என்னென்னவோ. கோடை வந்தால் வாராவாரம் யாராவது ஒரு குடும்பம் மூட்டை கட்டும். யாரோ ஒரு மாமி மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தால் ஹாலே தொற்றிக்கொள்ளும். அதைத் தடுப்பதற்கென்று மாமா இருந்தார். ஒரு வாரம் முன்னாடியே போகிறவர் வீட்டுக்குக் காபி குடிக்கப் போவார். வீட்டுக்காரர், காய்கறிக்காரர், இஸ்திரி போடுகிறவர், எதிர் வீட்டு வங்காளி அம்மாள் என்று எல்லோரிடமும் பேச்சுக் கொடுப்பார். சனிக்கிழமை கோப்பைத் திறந்து அரசாங்கக் குறிப்பு மாதிரியே படிப்பார்.

துறைமுக அதிகாரி ஒருவருக்கு அவர் படித்தது எனக்கு மனப்பாடம்: "மேற்படி அலுவலர் இந்நகரில் ஆறாண்டுகள் பணியாற்றினார். முதல் ஈராண்டு மீன் வாசனைக்கு மூக்கின் இரு துவாரங்களையும் பொத்திக்கொண்டார். அடுத்த ஈராண்டு ஒரு துவாரம் மட்டும். கடைசி ஈராண்டில், அடுத்த வீட்டில் இன்று என்ன மீன் என்பதை வாசனையை வைத்தே அறிவிக்கும் தகுதியைப் பெற்றார். உண்டதற்கு ஆவணச் சான்று ஏதுமில்லை. கோப்பில் வைக்கலாம்." அதிகாரி கண்ணீர் வரச் சிரித்தார். அவர் மனைவி மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவு அவர்கள் வீட்டில் கோப்பு மறுபடி திறக்கப்பட்டிருக்கும்.

கூட்ட முடிவில் மாலை, சால்வை, குதிரை. குதிரை என்றால் பாங்குரா மண்குதிரை. நீண்ட கழுத்து, நெற்றியில் பொட்டு, விறைத்த காதுகள். இந்த ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு எங்கள் மன்றம் வேறு எதுவும் கொடுத்ததில்லை. மண்குதிரையைப் பற்றித் தமிழர்களுக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை நான் இங்கே கிளறப் போவதில்லை. இந்தக் குதிரையை வாங்கிவரும் பொறுப்பு பல வருஷங்களாக என்னுடையது. தகுதி பார்த்துக் கொடுத்தது அல்ல. எங்கள் மன்றத்தில் கமிட்டிக் கூட்டத்துக்கு வராதவருக்குத்தான் பதவி. நான் ஒரு முறை வரவில்லை. வெளியுலகில் நான் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில் யாரும் படிக்காத மென்பொருள் கையேடுகளை எழுதுகிறவன். ஓய்வு நேரத்தில் யாரும் படிக்காத நகைச்சுவைக் கட்டுரைகளை எழுதுகிறவன். குதிரைப் பதவி ஒன்றில்தான் எனக்கு மக்கள் தொடர்பு இருந்தது. அந்தத் தொடர்பும் பெரும்பாலும் புகார்தான்.

புகார் எப்போதும் ஒன்றே. 'குதிரை வந்து சேர்ந்தது. ஒரு காதைக் காணோம்.' திருச்சியிலிருந்து வரும், மும்பையிலிருந்து வரும், விசாகப்பட்டினத்திலிருந்து வரும். அந்தக் குதிரைக்குக் காதும் வாலும் தனித்தனியாகச் செய்து சொருகுவதுதான் வழக்கம். வெள்ளிக்கிழமை நான் கரியாஹாட் நடைபாதைக் கடையில் வாங்குவேன். நேரே மாமா வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பேன். "உனக்குக் கட்ட வராதுடா. குதிரையைக் கொடுத்தா கழுதையைக் கட்டற மாதிரி கட்டுவே" என்று அவரே காகிதமும் வைக்கோலும் சுற்றி, பெட்டியில் வைத்து ஒட்டிவிடுவார். பிரிக்கிறவர் புது ஊரில், புது வீட்டில், எல்லாச் சாமானும் இறங்கிய பிறகுதான் பிரிப்பார். அப்புறம் எனக்குக் கடிதம்.

நான் கடைக்காரரோடு சண்டை போடாத மாசமில்லை. அந்த மனிதர் கடைசியில் என்னைக் கண்டாலே குதிரையை என் கையில் கொடுத்து, என் விரலைப் பிடித்து இரண்டு காதையும் தொடவைத்து, "தாதா, எண்ணிக்குங்க. ஒண்ணு. ரெண்டு. தொட்டாச்சா? சாட்சிக்கு இந்தப் பக்கத்துக் கடைக்காரர்" என்று வங்காளியில் சத்தியப் பிரமாணம் வாங்க ஆரம்பித்தார். அப்படியும் திருச்சியில் ஒரு காது குறையும். நான் கடையை மாற்றினேன். புதுக் கடைக் குதிரைக்கும் ஒரு காது குறைந்தது. ரயில்வே பார்சல் மேல் சந்தேகப்பட்டேன். காரில் எடுத்துப் போனவருக்கும் குறைந்தது. துப்பறியும் மூளை எனக்குக் கிடையாது என்பதை என் கையேடுகளைப் படித்தவர்கள், இருந்தால், சொல்வார்கள்.

புகாரை மாமாவிடம் கொண்டுபோனால் அவர் பதறவே மாட்டார். "கொடு, நான் பதில் போடறேன்" என்று ஒரு போஸ்ட்கார்டு எடுப்பார். 'தங்கள் காது தேடப்பட்டு வருகிறது. இதற்கிடையே தங்கள் உடல்நலம், புது ஊர்த் தண்ணீர், குழந்தைகளின் படிப்பு, தங்கள் மனைவியாரின் ஒற்றைத் தலைவலி ஆகியவை குறித்து விரிவான அறிக்கை அனுப்பவும்.' அறிக்கை வரும். அதற்கு இவர் ஒரு குறிப்பெழுதுவார். அதற்கும் பதில் வரும். காது கிடைக்காமலே அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும், பேரன் பிறக்கும். என் திறமைக்குறைவை மறைப்பதற்காக இந்த நல்ல மனிதர் இத்தனை கஷ்டப்படுகிறாரே என்று நான் கூசிப் போவேன்.

ஓய்வு பெற்ற பிறகும் மாமா அதே மூன்றாம் மாடியில்தான் இருந்தார். ஆனால் மாமியின் முழங்கால் அத்தனை படிகளுக்கு ஒத்துவரவில்லை. சென்னையிலிருந்து பிள்ளை ஒவ்வொரு ஞாயிறும் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒரு மாசி மாதம், சரி, போகலாம் என்று முடிவாகிவிட்டது. மன்றம் ஸ்தம்பித்துப் போனது. அவர் போவதை விடப் பெரிய கவலை, அவருக்குப் பிரிவுபசார உரையை யார் படிப்பது என்பது. 'நீதான் ஹாஸ்யமெல்லாம் எழுதறியே' என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுதுவது ஹாஸ்யம் என்று யாராவது ஒப்புக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் அது என்பதால் மறுக்க முடியவில்லை.

அவர் வழியிலேயே வீடு வீடாகக் காபி குடித்தேன். யாரைக் கேட்டாலும் மாமா தங்களைப் பற்றிச் சொன்ன ஜோக்கைச் சொன்னார்களே தவிர, மாமாவைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். மேடையில் மின்விசிறி மூன்றாம் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நான் கவனிக்காமல் இரண்டிலிருந்து நாலுக்குத் தாவியதில், மாமா வேலையில் சேர்ந்த கையோடு ஓய்வு பெற்றார். சபை அதற்கு மட்டும்தான் சிரித்தது. பதில் சொல்ல எழுந்த மாமாவின் கையில் அன்றைக்குக் கோப்பு இல்லை. "கோப்பு முடிஞ்சுடுத்து" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். முன் நாலு வரிசையும் அழுதது. தடுக்கத் தெரிந்த ஒரே ஆள் மாலையோடு உட்கார்ந்திருந்தார். நான் குதிரையைக் கொடுத்தேன். அந்த ஒரு குதிரையை மட்டும் நானே கட்டியிருந்தேன், கழுதை மாதிரி.

ஐந்து வாரம் இருக்கும். சித்திரை வெயில் ஆரம்பித்துவிட்டது. மத்தியானம் அலுவலகத்திலிருந்து சாப்பிட வெளியே வந்தவன், சால்ட் லேக் சந்தை ஒன்றின் வாசலில் கறிவேப்பிலை பேரம் பேசிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியாது. முப்பத்தேழு டிகிரி வெயிலில் அவர் பழுப்பு நிறக் குரங்குக் குல்லாய் போட்டிருந்தார். கண்ணும் மூக்கும்தான் வெளியே. அந்தக் கண்ணில் என் விடுப்பை நிராகரிக்கப் போகும் ஒரு பார்வை.

"மாமா?"

"நீங்கள் யாரையோ நினைத்து..." என்று சுத்தமான செந்தமிழில் ஆரம்பித்தார். பிறகு, "கத்தாதேடா. இந்தப் பக்கம் வா" என்று என்னைத் தேங்காய்க் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

சென்னையில் பதினேழு நாள் இருந்தாராம். அதற்கு மேல் முடியவில்லை. அவருடைய பெண் இங்கே சால்ட் லேக்கில் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தாள். அங்கே வந்து இறங்கி மூன்று வாரம் ஆகிறது. "மூணு வாரமாவா? ஒரு போன் பண்ணப்படாதா?" என்றேன். குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த மூஞ்சியோட பண்றது? மாலை போட்டா, சால்வை போத்தினா, குதிரையும் குடுத்தா. நாலு வரிசை அழுதுது. அத்தனையும் வாங்கிண்டு பதினேழாம் நாள் திரும்பி வந்து நிக்கறவனை நான் மேடையில என்ன பாடு படுத்தியிருப்பேன், யோசிச்சுப் பாரு. லேக் மார்க்கெட் பக்கம் இனி நான் தலைகாட்ட முடியாதுடா. இங்கேயே இந்தக் குல்லாயோட காலத்தைத் தள்ளிட வேண்டியதுதான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் எப்போதுமே சிரிக்கிறவர் இல்லைதான். ஆனாலும் இது வேறு மாதிரி என்று எனக்கே புரிந்தது. ஊரிலேயே இருந்துகொண்டு ஊருக்கு வரமுடியாமல் நிற்கிற மனிதர். எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்து வழியனுப்பினவருக்குத் திரும்பி வருவது எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாமிக்கு என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "வாடா வா. மூணு வாரமா இந்த மனுஷன் என்னை அஞ்ஞாத வாசம் வெச்சிருக்கார். சாம்பார் வெங்காயம்கூட உரிக்க வேணாம்கறார், குப்பையில தோலைப் பாத்து நாம மதராஸின்னு கண்டுபிடிச்சுடுவாளாம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். "தட்டை சாப்பிடு."

"அந்த டின் இல்லை!" என்று மாமா அலறினார். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. அதற்குள் மாமி மூடியைத் திறந்து என் முன்னால் நீட்டிவிட்டார்.

டின் நிறையக் காதுகள்.

ஒவ்வொன்றும் ஒரு துண்டுக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, மேலே மாமாவின் முத்து முத்தான கையெழுத்து. ஒரு பெயர், ஓர் ஊர். துறைமுக அதிகாரியின் காது மேலாகவே கிடந்தது. கரியாஹாட் கடைக்காரரின் முகம் என் கண்முன் வந்தது. அவர் பிடித்துத் தொடவைத்த என் விரல். நான் மாற்றிய கடைகள். சந்தேகப்பட்ட இந்திய ரயில்வே.

"மாமா!" என்றேன்.

"ரெண்டு காதோட குதிரை போனா, போனதுதான்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "பொங்கலுக்கு ஒரு கார்டு வரும், அடுத்த வருஷம் அதுவும் வராது. ஒரு காது இங்க தங்கிடுத்துன்னா கேட்டு எழுதியாகணும் பாரு. கடிதாசில கேட்டா கிடையாது. நேர்ல வந்து கேட்டா குடுத்துடுவேன். மூணு பேர் வந்திருக்கா."

மாமி டின்னை மூடிக்கொண்டே, "எனக்கு எப்பவோ தெரியும். தட்டை போட வெச்சிருந்த என் டின்னை எடுத்துண்டா, உள்ள என்னன்னு நான் பாக்க மாட்டேனா?" என்றார்.

அப்போதுதான் அலமாரி மேல் இருந்த அவருடைய குதிரையைப் பார்த்தேன். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றது. இரண்டு காதும் இருந்தன. மாமா என் பார்வையைத் தொடர்ந்தார்.

"மெட்ராஸ்ல பெட்டியைப் பிரிச்சேன்" என்றார். "கையை விட்டுத் துழாவினேன். ஒரு காது இருந்தது. சரி, இன்னொண்ணு இருக்காதுன்னு ஒரு நப்பாசை. அதுவும் இருந்தது. கச்சிதமா அனுப்பியிருந்தே." கொஞ்சம் நிறுத்தி, "உன் சர்வீஸ்லயே நீ தப்பில்லாம பண்ணின ஒரே வேலை அதுதான்" என்றார்.

ஜோக்தான். ஆனால் எங்கள் மூவரில் யாரும் சிரிக்கவில்லை.

எழுந்துபோய்க் குதிரையின் இடது காதை மெல்லத் திருகி எடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"என்னடா பண்றே?"

"சரக்குச் சரிபார்ப்பு, மாமா. ஒரு காது குறையறது."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் ரொம்ப நேரம் துடைத்தார். "அப்போ இனிமே நான் உனக்குக் கடிதாசி போடணுமோ?"

"போடணும். தேடப்பட்டு வருகிறதுன்னு பதில் போடுவேன்."

"காது சரி" என்றார் கடைசியில். "மூஞ்சி?"

மூஞ்சிக்கு நான் அடுத்த சனிக்கிழமை வரை அவகாசம் கேட்டேன். அந்த வாரம் செக்டர் ஃபைவில் என் கம்பெனி என்னிடமிருந்து எந்தக் கையேட்டையும் பெறவில்லை. ஒரே ஒரு பத்தியைத்தான் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை கமிட்டியிடம் ஐந்து நிமிஷம் கேட்டு மேடை ஏறினேன். என் பெயரைக் கேட்டதும் சிலர் காபி குடிக்க எழுந்தார்கள். மின்விசிறியை முதலில் நிறுத்தினேன். பச்சை நாடா கட்டிய ஒரு கோப்பை அவிழ்த்துப் படித்தேன்:

"பொருள்: சூப்ரண்டு மாமாவின் பிரிவுபசாரம் செல்லாமை குறித்து. மேற்படியாருக்கு வழங்கப்பட்ட குதிரை ஆய்வு செய்யப்பட்டது. வழக்கம்போல் ஒரு காது குறைகிறது. முழுக் குதிரை ஒப்படைக்கப்படாத நிலையில், பிரிவுபசாரம் நிறைவேறியதாகக் கருத இயலாது. எனவே மேற்படியார் இந்நகரை விட்டுச் சென்றார் என்பதற்கு ஆதாரமில்லை. மாலை வாடியிருக்கும், சால்வையை மட்டும் பரண்மேல் வைக்கலாம். ஆணை வேண்டப்படுகிறது."

ஒரு விநாடி சத்தமே இல்லை. என் மேடை வாழ்க்கையில் பழகிய மௌனம்தான். பிறகு மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாமி, சந்தேகமாக, "அப்படின்னா, அவர் இங்கேயா இருக்கார்?" என்றார்.

"வாசல்ல டாக்சில, மாமி. குல்லாயோட."

அந்தச் சிரிப்பு என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் அது கிளம்பியபோது மேடையில் நின்றது நான்தான். நாற்காலிகள் உருள, ஹாலே வாசலுக்கு ஓடியது. மாமாவைத் தூக்காத குறையாக உள்ளே கொண்டுவந்து மேடையில் உட்கார வைத்தார்கள். அவர் குல்லாயை நிதானமாகக் கழற்றினார். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது. சபையை ஒரு முறை பார்த்தார்.

"நாலு வாரம் இதுக்குள்ள இருந்து பாத்துட்டேன்" என்றார். "இந்த ஊர்க்காராளைப் பத்தி நாப்பது வருஷமா நான் சொன்னது அத்தனையும் வாபஸ். என்ன தைரியம் இவாளுக்கு!"

அதற்கப்புறம் அதே சந்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்து, மாமியின் முழங்கால் பிழைத்தது. மாமா ஒன்பது வருஷம் பேசினார். பிரிவுபசாரக் குறிப்புகளில் மேலும் கூர்மை கூடியது என்றே சொல்வேன். 'இதெல்லாம் பதினேழு நாள் கூத்து' என்று போகிறவர்களுக்கு நம்பிக்கை கொடுப்பார். எனக்கு மாதம் ஒரு போஸ்ட்கார்டு போடுவார், இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டே. 'எனது காது குறித்து நினைவூட்டல்' என்று தொடங்கும். நான் பதில் எழுதுவேன். கரியாஹாட் கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை. அவர் காரணம் கேட்காமலே மன்னித்து, பழக்கதோஷத்தில் என் விரலைப் பிடித்து ஒரு குதிரையின் இரண்டு காதையும் தொடவைத்தார்.

போன வருஷம் துர்கா பூஜை முடிந்த வாரம் மாமா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். நான்கே நாள்தான். பார்க்கப் போனபோது குரல் மெலிந்திருந்தது. "டிஸ்சார்ஜ் ஆர்டர் வந்துடுத்துடா" என்றார். "எந்தப் பக்கம் ரிப்போர்ட் பண்ணணும்னுதான் அதுல போடலை." நர்ஸுக்கு அர்த்தம் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்க வைத்த கடைசி ஆள் தமிழ் தெரியாத ஒரு பெண் என்பது அவருக்குப் பிடித்திருக்கும்.

இரங்கல் கூட்டத்துக்கு எங்கெங்கிருந்தோ செய்திகள் வந்தன. இப்போதெல்லாம் கடிதம் இல்லை, போனில் படம்தான். திருச்சியில் ஒரு ஷோகேஸ், நாக்பூரில் ஒரு டி.வி. ஸ்டாண்டு, துபாயில் ஒரு ஜன்னலோரம். எல்லாப் படத்திலும் ஒற்றைக் காதோடு ஒரு குதிரை. 'மாமா கடைசி வரை தேடிக்கொண்டிருந்தார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை மேடையில் நான்தான் படித்துக்காட்டினேன். மின்விசிறி ஓடாமலே ஒரு பக்கத்தைத் தவறவிட்டேன்.

மாமி இப்போது சென்னையில், பிள்ளையோடு. போகும்போது டின்னை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "தட்டை போட எனக்கு வேற டின் இருக்கு." மன்றத்தில் கூட்டம் குறைந்துவிட்டது. மாற்றலில் வருகிறவர்களும் முன்போல் இல்லை. எங்கள் பிள்ளைகள் தமிழில் ஆரம்பித்து வங்காளியில் முடிக்கிறார்கள். ஆனாலும் போன மாதம் பெங்களூருக்குப் போன ஒரு சின்னத் தம்பதிக்கு நான்தான் பெட்டி கட்டினேன். நாலாம் நாள் போனில் படம் வந்தது: 'அங்கிள், ஒரு இயர் மிஸ்ஸிங்!' தேடப்பட்டு வருகிறது என்று பதில் போட்டேன். இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது அப்படியொரு குதிரை நின்றால், காது பத்திரமாக இருக்கிறது. விதி மாறவில்லை. நேரில் வந்தால் உண்டு.

மாமாவின் காது மட்டும் டின்னில் இல்லை. அது போனவர்களின் டின். அதனால்தான் அது இழுப்பறையில், பேனாக்களோடு கிடக்கிறது.

மாமி குதிரையையும் கூடவே கொண்டுபோயிருக்கிறார். மாதம் ஒரு முறை, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலை, போன் வரும். முழங்கால், பேரனின் பரீட்சை, சென்னைப் புழுக்கம் எல்லாம் ஆன பிறகு குரல் கொஞ்சம் மாறும்.

"அந்தக் காது கிடைச்சுதாடா?"

"தேடிண்டிருக்கேன், மாமி."

போன ஞாயிறும் அப்படித்தான் கேட்டார். நானும் அப்படித்தான் சொன்னேன், இழுப்பறையைத் திறந்து அதை விரலால் உருட்டிக்கொண்டே.

"அவசரப்படாதே" என்றார். "சட்டுனு கிடைச்சுடாம பாத்துக்கோ."